பேரிடர்ச் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கத்ரீனா நேரத்தில் நடந்தவை

"அதிகாரியே சொல்லிவிட்டார், அப்புறம் எதற்குச் சரிபார்ப்பது?" பேரிடர் நேரத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். 2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவைக் கத்ரீனா புயல் தாக்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏறக்குறைய 80 சதவீதம் மூழ்கியது. சூப்பர்டோம் விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் ஒதுங்கினார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். உள்ளே கொலை, பாலியல் வன்முறை, குழந்தைகளைக்கூட விட்டுவைக்கவில்லை என்று மேயர் ரே நேகினும் போலீஸ் தலைவர் எடி காம்பஸும் டிவியில் பேசினார்கள். இருவருமே கேள்விப்பட்டதைத்தான் சொன்னார்கள்.

200 பிணங்கள் கிடக்கின்றன என்ற தகவலோடு குளிர்சாதன லாரி ஒன்று அங்கே போனது. இருந்தவை ஆறு. நான்கு பேர் இயற்கையாக இறந்தவர்கள், ஒருவர் போதைமருந்து அதிகமாகி இறந்தவர், இன்னொருவருடையது தற்கொலை என்று கருதப்பட்டது. கொலை ஒன்றுகூட இல்லை. உள்ளூர் நாளிதழான டைம்ஸ்-பிக்கயூன் இதை வெளியிட்டபோது செப்டம்பர் 26 ஆகிவிட்டது.

அடுத்தது படக்குறிப்பு. இடுப்புக்கு மேல் தண்ணீரில் பொருளோடு நடக்கும் கறுப்பின இளைஞர் கடையைக் 'கொள்ளையடித்தவர்' என்றது ஏ.பி. செய்தி நிறுவனத்தின் குறிப்பு. அதேபோல் ரொட்டியோடு நடந்த வெள்ளையர் இருவருக்கு அவை கடையிலிருந்து 'கிடைத்தன' என்றது இன்னொரு செய்தி நிறுவனமான ஏ.எஃப்.பி. இளைஞர் கடைக்குள் போனதைப் பார்த்தோம் என்றது ஏ.பி. தரப்பு. ரொட்டி மிதந்து வந்தது என்றது மறுதரப்பு. சரி, இரண்டும் வேறு நிறுவனங்கள், ஒரே ஆசிரியரின் கைவரிசை இல்லை. ஆனாலும் படத்தில் தெரியாத குற்றத்தைக் குறிப்பில் ஏற்றும்போது, படத்தில் இருப்பவர் வெள்ளையராக இருந்தால் இதே சொல்லைப் போடுவோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

வதந்திதானே, என்ன ஆகிவிடும் என்று விட்டுவிடுவதும் தவறு. ஆகஸ்ட் 31 அன்று மீட்புப் பணியில் இருந்த 1,500 போலீஸாரைக் கொள்ளையைத் தடுக்கத் திருப்பிவிட்டார் மேயர். கூரைகளில் மக்கள் அப்போதும் காத்திருந்தார்கள். செப்டம்பர் 4 அன்று, போலீஸார் மீது துப்பாக்கிச் சூடு என்று வயர்லெஸ்ஸில் வந்த அழைப்பைக் கேட்டு டான்சிகர் பாலத்துக்கு விரைந்த போலீஸார், ஆயுதமில்லாத கறுப்பினத்தவர் இருவரைச் சுட்டுக்கொன்றார்கள், நால்வர் காயமடைந்தார்கள். 2016இல் முன்னாள் போலீஸார் ஐந்து பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று எழுதுவதும் பிழைதான். கடைகள் உடைக்கப்பட்டன. சிலர் தண்ணீரும் டயப்பரும் எடுத்தார்கள், சிலர் டிவி பெட்டியைத் தூக்கினார்கள். இந்த இரண்டையும் பிரித்து எழுத வேண்டும்.