குளச்சல் பிள்ளைகள் தூதர் ஆக

என் அண்ணன் வளைகுடாவில் கடல்தொழிலுக்குப் போனவன். எல்லை தாண்டியதாகப் படகோடு பிடித்து வைத்தார்கள். நம் தூதரகத்திலிருந்து வந்த இளம் அதிகாரி ஒருவர் அங்குள்ளவர்களிடம் அரபியில் பேசி, அவன் குரலை அம்மாவுக்குப் போனில் கேட்க வைத்தார். அன்றிலிருந்து, தேவாலயப் பங்கு மண்டபத்தில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, தூதராகும் இந்தப் பாதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முதல் படி, யூபிஎஸ்சி குடிமைப்பணித் தேர்வு. பட்டம் வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதற்கு ஆங்கில நாளிதழை இப்போதே வாசிக்கத் தொடங்குங்கள். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். எழுத்துக்கு 1750, நேர்முகத்துக்கு 275 மதிப்பெண். எந்தப் பணி வேண்டும் என்று கேட்கும் இடத்தில் தூதரக அதிகாரிகளுக்கான வெளியுறவுப் பணியை (ஐ.எஃப்.எஸ்.) முதலில் எழுதுங்கள். வீட்டில் கலெக்டர் வேலைதான் பெரிசு என்பார்கள், அசையாதீர்கள்.

தேர்வானதும் முசௌரியில் பயிற்சி, அப்புறம் டெல்லியில். ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். கிடைத்தால் அரபியை எடுங்கள் மக்களே, நம் கடப்புறத்துக்கு அதைவிட உதவும் மொழி இல்லை. தூதரகத்தில் மூன்றாம் செயலராகத் தொடங்கி, இரண்டாம் செயலர், முதல் செயலர், ஆலோசகர் என்று ஏற வேண்டும். தூதராகப் பல ஆண்டுகள் ஆகும்.

பெண்பிள்ளைகள் சி.பி.முத்தம்மாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் படித்தவர். 1949-ல் இந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண். அன்று பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும். பிறகு வேலையை விடச் சொல்லவும் விதி இடம் கொடுத்தது. 1970-ல் ஹங்கேரிக்குத் தூதரானார். அதன்பின் மேல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார்.

சரி, நியமனம் எப்படி? தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் 1949-ல் தூதராக மாஸ்கோ போனதுபோல வெளியிலிருந்தும் ஒருவரை அனுப்பலாம். ஆனால் பெரும்பாலும் பணியில் வளர்ந்தவர்கள்தான். வெளியுறவு அமைச்சகம் பெயரைத் தேர்ந்து, பிரதமரின் ஒப்புதல் வாங்கி, போகவேண்டிய நாட்டிடம் சத்தமில்லாமல் சம்மதம் கேட்கும். இதற்கு அக்ரமான் என்று பெயர். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தப்படி, அந்த நாடு மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் வந்த பிறகுதான் பெயரை வெளியே சொல்வார்கள். அமெரிக்காவில் செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே நாடாளுமன்ற வாக்கெடுப்பு கிடையாது. நம் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நற்சான்றுக் கடிதத்தை அந்த நாட்டுத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். இலங்கை போன்ற காமன்வெல்த் நாடு என்றால் பதவியின் பெயர் உயர் ஆணையர்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய அண்ணன்மார் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அரபியில் ஒன்று முதல் பத்து வரை எண்ண, இன்று மாலையே அவர்களிடம் கேட்டுப் பழகுங்கள்.