கேரவன் பிரேக் பிடிக்கவில்லையா? முதலில் குமிழிலிருந்து கையை எடுங்கள்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேரவன் ஒன்றை வாங்கிய முதல் மாதமே சிட்னியிலிருந்து வொலங்காங் பக்கம் கிளம்பினோம். மவுண்ட் ஊஸ்லி இறக்கத்தில் நான் பிரேக்கை மிதிக்க மிதிக்க, பின்னால் வந்த கேரவன் என் காரைத் தள்ளிக்கொண்டே வந்தது. எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கேரவன் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும், டாஷ்போர்டில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் குமிழை 5-இலிருந்து 8-க்குத் திருகினேன். ஒரு சக்கரம் கிறீச்சிட்டு லாக் ஆனது. மற்ற மூன்றும் தன்பாட்டுக்கு உருண்டன.

ஒழுங்காக வேலை செய்யும் ஒரே சக்கரத்தை வதைப்பதுதான் குமிழைக் கூட்டுவதால் கிடைக்கும் பலன். பழுது வேறெங்கோ இருக்கும்.

என் கேரவனில் இருப்பது எலெக்ட்ரிக் பிரேக். அதில் ஆயில் கிடையாது. சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. கரண்ட் வந்ததும் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தைக் கவ்வப் பார்க்கும். டிரம் அதை இழுத்துக்கொண்டு போக, ஒரு நெம்புகோல் திரும்பி, டிரம்மில் உரசி நிறுத்தும் ஷூவை அழுத்தும். ஆகவே சக்கரம் சுழலாவிட்டால் இந்தப் பிரேக் பிடிக்காது. நிறுத்தி வைக்க ஹேண்ட்பிரேக் தனியாக வேண்டும். இடது, வலது என்று செட் தனித்தனியாக வருவதும் இதனால்தான். மாற்றி மாட்டினால் புதுப் பிரேக்கே மந்தமாக இருக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு, மல்ட்டிமீட்டரை அப்படியே நம்புவது. காரையும் கேரவனையும் இணைக்கும் பிளக்கில் 5-ஆம் பின்னின் நீல வயர் பிரேக்குக்கு, 3-ஆம் பின்னின் வெள்ளை வயர் எர்த்துக்கு, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழிக்கு. சக்கரத்தருகே வயர் இணைப்பைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். 'கரண்ட் வருதே' என்று நிம்மதியாகி, காந்தத்தைக் குறை சொல்லிப் புதிதாக வாங்கிவிடுவோம். மீட்டர் கரண்டே இழுப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12. துருப்பிடித்த எர்த் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் அங்கேயே போய்விடும். என் கேரவனில் வெள்ளை வயரைச் சேஸிஸில் ஒரு சின்ன ஸ்குரூவால் முறுக்கி வைத்திருந்தார்கள். தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

நான் செய்வது இதுதான்: பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைச் சக்கரத்தருகே நீல வயருக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி, கன்ட்ரோலரில் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் பட்டனை ஒருவரை முழுதாக அழுத்தச் சொல்வேன். பல்பு பளிச்சென எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் எங்கோ இணைப்பு அழுகியிருக்கிறது. நான்கு சக்கரமும் சேர்ந்து 12-க்குப் பதில் 9 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் ஒரு சக்கரம் செத்திருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

அப்படிச் செத்த சக்கரத்துக்கு அடிக்கடி காரணமாக இருப்பது அச்சுக் குழாய்க்குள் ஓடும் வயர். குலுங்கிக் குலுங்கி உறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டுவிடும். மழையிலோ மேடுபள்ளத்திலோ மட்டும் கன்ட்ரோலர் ஷார்ட் என்று காட்டினால் அங்கே பாருங்கள். பழைய வயரை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வெளியே உறை போட்டு இழுப்பதே நல்லது.

அடுத்தது அட்ஜஸ்ட்மென்ட். எலெக்ட்ரிக் என்றால் தானே சரிசெய்துகொள்ளும் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலான செட்டுகளில் அப்படிக் கிடையாது. ஷூ தேயத் தேய நெம்புகோல் அதிக தூரம் போக வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் அழுத்தமே கிடைக்காது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றியபடி பின்தட்டின் ஓட்டை வழியாகப் பல்சக்கரத்தைத் திருகுங்கள். கையால் சுழற்றவே கஷ்டமாகும் வரை இறுக்கி, பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். புது ஷூ போட்டால் முதல் 300 கி.மீ.-இல் ஒருமுறை, பிறகு 5,000 கி.மீ.-க்கு ஒருமுறை.

பேரிங்குக்கு கிரீஸ் கன்னால் அளவில்லாமல் ஏற்றாதீர்கள். பின்பக்க சீலைத் தாண்டி, ஷூவின் உரசும் பரப்பான லைனிங்கில் வழியும். கிரீஸ் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும் பயனில்லை, ஷூவையும் சீலையும் மாற்றத்தான் வேண்டும். காந்தத்தைத் துடைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் முகம் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ உள்ளே செம்புச் சுருள் தெரிந்தாலோ அந்த அச்சின் இரண்டு காந்தங்களையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஜிடிஎம் (காரில் மாட்டியிருக்கும்போது கேரவனின் சக்கரங்கள் தாங்கும் அதிகபட்ச எடை) 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், கேரவன் பிரிந்தால் தானே பிடித்து 15 நிமிடமாவது நிற்கும் பிரேக்அவே அமைப்பும் கட்டாயம். அந்த பிரேக்அவேயின் கேபிளை, காரையும் கேரவனையும் பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியில் கோர்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. சங்கிலி அறுந்தால் அதுவும் கூடவே போகும். காரின் நிலையான பாகத்தில் தனியாக மாட்ட வேண்டும். சோதிக்கும்போது முதலில் காரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிரேக்அவே சுவிட்சின் பின்னை இழுங்கள். இல்லையென்றால் கரண்ட் திரும்பிப் பாய்ந்து கன்ட்ரோலர் கெடலாம். சோதித்ததும் பின்னைத் திரும்பச் செருகுங்கள். மறந்தால் காந்தமும் சூடாகும், பேட்டரியும் காலி.

இவையெல்லாம் சரியான பிறகுதான் குமிழ். ஆளில்லாத சமதளச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போய், கன்ட்ரோலரின் அந்தக் கைப் பட்டனை மட்டும் அழுத்துங்கள். சக்கரம் லாக் ஆகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே குமிழை நிறுத்துங்கள். பாரம் மாறினால் மறுபடி பாருங்கள். எர்த்தைப் புதுப்பித்து, அட்ஜஸ்ட் செய்த பிறகு என்னுடையது 4-இலேயே போதுமானதாக இருக்கிறது.