டர்போ காருக்கு ஆயில்: கேனின் பின்பக்கத்தைப் படிக்காததால் வரும் தவறுகள்

"நம்ம ஊர் வெயிலுக்குக் கட்டி ஆயில்தான் சார் சரி" என்று சொல்லாத மெக்கானிக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்பாசடரும் பழைய டீசல் ஜீப்பும் ஓடிய காலத்தில் 20டபிள்யூ-40 என்ற கெட்டி ஆயிலை ஊற்றிப் பழகிய கை அது. அந்த வண்டிகளுக்கு அது பொருத்தம்தான். இன்று ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ (என்ஜின் புகையால் சுழன்று உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) பெட்ரோல் காருக்கும் அதே யோசனை வருவதுதான் சிக்கல்.

என்ஜின் சூடேறியதும் தெர்மோஸ்டாட், கூலன்ட்டை 90 டிகிரி சொச்சத்தில் பிடித்து வைக்கிறது. மதுரையிலும் அப்படித்தான், மியூனிக்கிலும் அப்படித்தான். டர்போவைச் சுழற்றும் புகையின் வெப்பமோ பெட்ரோல் காரில் 900 டிகிரியைக்கூடத் தொடும். அதற்கு முன்னால் நம் ஊர் வெயிலின் கூடுதல் பத்து டிகிரி ஒரு பொருட்டே இல்லை.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. சின்ன டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் எவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேருகிறது என்பதில் டர்போவின் ஆயுள் இருக்கிறது. "0டபிள்யூ, 5டபிள்யூ எல்லாம் தண்ணி மாதிரி" என்ற பயமும் தேவையில்லை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் சொல்கிறது. சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது பின்னால் வரும் எண். சாதாரண 5டபிள்யூ-30 ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டியாக இருக்கும். அதாவது சென்னைக் காலை வேளையிலும் அது தண்ணீர் கிடையாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: 30 கேட்கும் என்ஜினுக்கு, மைலேஜ் கூடும் என்று 20 ஊற்றுவது. ஓனர் மேனுவல் எந்தெந்த எண்களை அனுமதிக்கிறதோ அவற்றுக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, மேனுவல் 5டபிள்யூ-30 என்கிறது, கடையிலும் 5டபிள்யூ-30 இருக்கிறது, வேலை முடிந்ததா? அதிகம் பேர் விழும் இடம் இதுதான். கடுஞ்சூட்டில், பேரிங்குகளுக்கு நடுவே நசுக்கப்படும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு ஹெச்டிஹெச்எஸ் என்று தனி அளவு இருக்கிறது. 30 கிரேடுக்கு அது 2.9 இருந்தால் போதும். ஆனால் ஏசிஇஏ என்ற ஐரோப்பிய கார் கம்பெனிகள் சங்கத்தின் சி3 தரத்துக்குக் குறைந்தது 3.5 வேண்டும். இரண்டு கேனிலும் முன்பக்கம் ஒரே 5டபிள்யூ-30 தான் அச்சாகியிருக்கும். வித்தியாசம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது: ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) எஸ்பி, ஏசிஇஏ சி2 அல்லது சி3, ஃபோக்ஸ்வேகன் 504 00, மெர்சிடிஸ் 229.51 என்று. உங்கள் மேனுவல் கேட்கும் குறியீடு அங்கே அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். "அந்தத் தரத்துக்கு ஏற்றது" என்பது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. "அனுமதி பெற்றது" என்றால் கார் கம்பெனி சோதித்து ஒப்புதல் கொடுத்தது. நான் இரண்டாவதற்குத்தான் காசு கொடுப்பேன்.

பெட்ரோல் டர்போவில் டீசல் ஆயில் ஊற்றுவது இன்னொரு வழக்கம். "டீசல் ஆயில் ஸ்ட்ராங்கு" என்பார்கள். சிஐ-4, சிகே-4 மாதிரியான டீசல் ஆயில்களில் கால்சியம் கலந்த சுத்திகரிப்புப் பொருள் பொதுவாகத் தூக்கலாக இருக்கும். ஹூண்டாயின் 1.0 டி-ஜிடிஐ, ஃபோக்ஸ்வேகனின் 1.0 டிஎஸ்ஐ போன்ற என்ஜின்கள் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. இத்தகைய என்ஜினைக் குறைந்த சுற்றில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால், ஸ்பார்க் பிளக் பொறிவிடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. சிலிண்டர் சுவரில் ஒட்டிய ஆயில் துளிகள் அதற்கு ஒரு காரணம். கால்சியம் கூடினால் அந்த வாய்ப்பும் கூடும். ஒருமுறை பலமாக நடந்தாலே பிஸ்டன் உடையலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு மூன்றாவதிலேயே முக்க முக்க ஏற்றுகிறவர்கள், இதற்கு வேண்டிய சூழலைக் கச்சிதமாக அமைத்துக் கொடுக்கிறார்கள். இதைத் தடுக்கும் சோதனையோடு வந்ததுதான் 2020-இன் ஏபிஐ எஸ்பி. அதற்கு முந்தைய ஏபிஐ தரமான எஸ்என் கேட்கும் பெட்ரோல் காரிலும் அதைத் தாராளமாக ஊற்றலாம்.

ஏசிஇஏ வகைகளில் அப்படிப் புதியது பழையதற்குப் பதிலாகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சி2, சி3, ஏ3/பி4 எல்லாம் வெவ்வேறு தேவைக்கானவை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததிலிருந்து டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி, சுமார் 600 டிகிரியில் எரிந்து போய்விடும். ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கும். ஏ3/பி4 ஆயிலில் சாம்பல் 1.6 சதவீதம் வரை போகலாம், சி3-இல் 0.8-ஐத் தாண்டக்கூடாது. விலை குறைவு என்று முதல் வகையை வாங்கி ஊற்றினால், மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு டிபிஎஃப் மாற்றும்போது போகும்.

"ஃபுல்லி சிந்தெடிக்" என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்குவதையும், ஆயிலோடு கலக்கச் சொல்லி விற்கும் குட்டி டப்பாக்களையும் விட்டுவிடலாம். ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உங்கள் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே சுற்றுகிறது. பொருந்தாத ஆயில் அந்த ரப்பரை அரித்தால், உதிரும் துகள்கள் ஆயில் பம்புக்குப் போகும் வழியை அடைக்கும். அங்கே ஃபோர்டு கேட்கும் குறியீட்டைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

எப்போது மாற்றுவது? 10,000 கிலோமீட்டர் என்பது நெடுஞ்சாலையில் சராசரி 60-இல் போகிறவருக்குச் சுமார் 167 மணி நேர ஓட்டம். ஓஎம்ஆர் நெரிசலில் சராசரி 15-இல் ஊர்கிறவருக்கு அதே தூரம் 667 மணி நேரம். ஓடோமீட்டருக்கு இது தெரியாது. பல மேனுவல்களில் "கடுமையான பயன்பாடு" என்று ஒரு பகுதி இருக்கும்: குட்டிப் பயணங்கள், தூசி, நின்று நின்று ஓடுவது. படித்துப் பார்த்தால் அது நம் அன்றாடம். அதில் சொன்ன குறைந்த இடைவெளியைப் பின்பற்றுங்கள். டீசல் காரில் ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை அடிக்கடி பார்ப்பதும் அவசியம். வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் பாதியில் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால், எரியாத டீசல் ஆயிலில் இறங்கி அளவு ஏறும். ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்படக் கூடாது.

அணைக்கும் முன் ஒரு ரேஸ் கொடுப்பது பழைய லாரிப் பழக்கம். டர்போவில் அதைச் செய்தால் தண்டு சுற்றிக்கொண்டிருக்க ஆயில் நின்றுபோகும். மலை ஏறியோ எக்ஸ்பிரஸ்வேயில் விரட்டியோ வந்து உடனே அணைத்தாலும், உள்ளே தேங்கிய ஆயில் வடைச் சட்டி அடியில் பிடிக்கும் கரியாகிவிடும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். ஊருக்குள் மெதுவாக வந்து நிறுத்தும்போது அதுவும் தேவையில்லை.

அந்தக் கரி, டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயையும் அடைக்கும். டர்போ போய்விட்டது என்று புதிதாக மாட்டுகிறவர்கள், அந்தக் குழாயையும் மாற்றினார்களா என்று பில்லில் பாருங்கள். பழைய குழாயிலேயே புது டர்போவைப் பொருத்தினால் அதுவும் ஆயில் கிடைக்காமல் சீக்கிரமே போய்விடும்.