பிட்ஜின்: பல உரையாடல் வலையமைப்புகளை ஒரே மென்பொருளில் இயக்கும் முறை

உடனடிச் செய்திச் சேவை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நெறிமுறையை, அதாவது கணினிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் விதிமுறையை, வைத்துக்கொண்டு, தன் பயனரைத் தன் செயலிக்குள்ளேயே நிறுத்திவைக்க விரும்புகிறது. அந்தச் சுவர்களுக்கு மேலாக நின்று, பல நெறிமுறைகளையும் ஒரே நண்பர் பட்டியலில் கொண்டுவந்து காட்டுவதற்காக எழுதப்பட்டதே பிட்ஜின். 1998ஆம் ஆண்டில் மார்க் ஸ்பென்சர் என்பவர், ஏஓஎல் நிறுவனத்தின் 'எய்ம்' என்ற செய்திச் சேவையை லினக்ஸில் பயன்படுத்துவதற்காக 'கெய்ம்' என்ற பெயரில் இதைத் தொடங்கினார். பெயரில் ஒலித்த 'எய்ம்' என்ற பகுதி தன் வணிகக்குறி என்று ஏஓஎல் ஆட்சேபித்ததால், 2007ஆம் ஆண்டில் இது பிட்ஜின் ஆயிற்று. ஒருவர் மொழியை மற்றவர் அறியாத வணிகர்கள் தமக்குள் உண்டாக்கிக்கொள்ளும் கலப்பு மொழிக்கு மொழியியலார் வழங்கும் பெயர் அது. ஒலியில் அது புறாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'பிஜன்' என்பதையும் நினைவூட்டுவதால், தூதுப் புறாவே இதன் சின்னமாகவும் அமைந்துவிட்டது.

நிறுவுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பிட்ஜின் குறித்து இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இன்று உயிரோடில்லாத சேவைகளைப் பற்றியவை. ஏஓஎல் தன் சேவையை 2017 டிசம்பர் 15 அன்று மூடியது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் நின்றது. கூகுள் டாக் 2022இல் முடிந்தது. ஐசிக்யூ 2024 ஜூன் 26 வரை தாக்குப்பிடித்தது. ஆகவே, நண்பர்கள் எல்லோரும் இருக்கும் செயலிகளை எல்லாம் இது ஒன்றே விழுங்கிவிடும் என்ற எதிர்பார்ப்போடு வருபவர் ஏமாற்றமடைவார். மின்னஞ்சல் போன்ற முகவரியைக் கொண்டு பேச உதவும் எக்ஸ்எம்பிபி, பொது அறைகளில் கூடிப் பேச உதவும் ஐஆர்சி ஆகிய திறந்த நெறிமுறைகளும், ஒரே வலையமைப்பில் இருக்கும் கணினிகள் வெளிச் சேவையகம் எதுவும் இல்லாமல் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் பான்ஜூரும்தான் இன்று இதன் உண்மையான பலம். மற்றவற்றுக்குச் செருகுநிரல்களை, அதாவது மென்பொருளோடு கூடுதலாக இணைக்கும் சிறு நிரல்களை, நாட வேண்டும்.

நிறுவுதல் எளிது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களைப் பயன்படுத்துபவர்கள் மென்பொருள் மேலாளரில் பிட்ஜின் என்று தேடி நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் பயனர்கள் பிட்ஜின் திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே நிறுவியைப் பதிவிறக்க வேண்டும். அங்கே இரண்டு வகை நிறுவிகள் இருக்கும்: ஒன்று அளவில் சிறியது, சாளரங்களைத் திரையில் காட்டத் தனக்கு வேண்டிய ஜிடிகே கோப்புகளை நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இழுத்துக்கொள்வது, மற்றது எல்லாவற்றையும் உள்ளடக்கிய பெரிய கோப்பு. இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களில் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். பாதியில் நின்றுபோன நிறுவலைச் சரிசெய்வதைவிடப் பெரிய கோப்பு ஒன்றை இறக்கிவைத்துக்கொள்வது குறைந்த வேலை. மேக் கணினிகளில், பிட்ஜினின் அடிப்படை நூலகமான லிப்பர்ப்பிளையே பயன்படுத்தும் ஏடியம் என்ற மென்பொருள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது.

முதன்முறை திறந்ததும், கணக்கு எதுவும் இல்லை என்று சொல்லி, ஒன்றைச் சேர்க்கும்படி மென்பொருளே கேட்கும். எக்ஸ்எம்பிபி கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. இதன் முகவரி மின்னஞ்சல் முகவரியைப் போலவே பயனர் பெயர், அட் குறி, சேவையகத்தின் பெயர் என்று அமையும். ஆனால் பிட்ஜின் இதை 'யூசர்நேம்', 'டொமைன்' என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் கேட்கிறது. புதியவர்கள் முழு முகவரியையும் முதல் கட்டத்திலேயே இட்டுவிட்டு, இணைப்புக் கிடைக்கவில்லையே என்று திகைப்பது வழக்கம். கீழே, சேவையகத்தில் புதிய கணக்கை உருவாக்குவதற்கான தேர்வுப்பெட்டி ஒன்றும் உண்டு. எரித (ஸ்பாம்) கணக்குகளின் தொல்லையால் பல பொதுச் சேவையகங்கள் அந்த வழியை அடைத்துவிட்டன. அது மறுக்கப்பட்டால், அந்தச் சேவையகத்தின் இணையதளத்திலேயே பதிவுசெய்துகொண்டு, பிறகு இங்கே வந்து விவரங்களை இடுங்கள். 'அட்வான்ஸ்டு' தாவலில், இணைப்புக்கு மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புதல்) கட்டாயம் வேண்டும் என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்து, அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஐஆர்சிக்கு இவ்வளவு சடங்கு இல்லை. நெறிமுறையை மாற்றி, புனைபெயரையும் சேவையகத்தையும் இட்டால் போதும். திறமூலத் திட்டங்களில் பல, 2021ஆம் ஆண்டில் ஃப்ரீநோடு என்ற பழைய ஐஆர்சி வலையமைப்பில் ஏற்பட்ட நிர்வாகப் பிளவுக்குப் பின் லிபெரா சாட் வலையமைப்புக்குக் குடிபெயர்ந்தன. ஆகையால் அதையே முதலில் முயலலாம். பழைய 6667 எண் துறை (போர்ட்) மறையாக்கமற்றது. 'அட்வான்ஸ்டு' தாவலில் இணைப்பை மறையாக்கும் எஸ்எஸ்எல் தேர்வை இட்டு, துறை எண்ணை 6697 என்று மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கடி செல்லும் அறையை நண்பர் பட்டியலில் சேர்த்து, கணக்கு இணைந்ததும் தானாக அதற்குள் நுழையும்படி அமைத்துவிட்டால் ஒவ்வொரு நாளும் அதன் பெயரைத் தட்ட வேண்டியதில்லை.

தமிழில் எழுதுபவர்கள் ஐஆர்சியில் ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். அந்த நெறிமுறையில் ஒரு செய்தி வரி, முகவரி முதலான முன்னொட்டுகளையும் சேர்த்து 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். அதிலும் நாம் ஓர் எழுத்தாக எண்ணும் 'கு' இரண்டு குறியீடுகளால் ஆனது, ஆகவே ஆறு பைட். 'க்கு' என்று இரட்டித்தால் பன்னிரண்டு. எனவே ஆங்கிலத்தில் ஒரே வரியில் செல்லும் பத்தி, தமிழில் துண்டுபட்டே செல்லும். ஐஆர்சியில் தமிழ் எழுதும்போது சிறு வாக்கியங்களாக அனுப்புவதே படிப்பவருக்குச் செய்யும் உதவி. எக்ஸ்எம்பிபியில் இந்தத் தொல்லை இல்லை.

இனிச் செருகுநிரல்களுக்கு வருவோம். பிட்ஜினின் கட்டமைப்பே செருகுநிரல்களால் ஆனது. எக்ஸ்எம்பிபி, ஐஆர்சி முதலானவைகூட இதில் உள்ளேயே பொதிந்த பகுதிகள் அல்ல, நெறிமுறைச் செருகுநிரல்கள்தாம். 'டூல்ஸ்' பட்டியில் 'பிளகின்ஸ்' என்பதைத் திறந்தால் கூடவே வந்திருப்பவை வரிசையாகத் தெரியும். பெட்டியைக் குறியிட்டால் இயங்கும், குறியை எடுத்தால் நிற்கும். இவற்றில் மூன்றை முதல் நாளே இயக்கிவிடலாம் என்பது என் கருத்து. 'ஹிஸ்டரி' என்பது புதிய உரையாடலைத் திறக்கும்போது பழைய உரையாடலின் கடைசிப் பகுதியைக் காட்டும். 'மார்க்கர்லைன்' நீங்கள் எதுவரை படித்தீர்கள் என்பதற்கு ஒரு கோடு இழுத்துவைக்கும். 'ஜாயின்/பார்ட் ஹைடிங்', கூட்டம் மிகுந்த ஐஆர்சி அறைகளில் யார் வந்தார், யார் போனார் என்று ஓயாமல் ஓடும் அறிவிப்புகளை மறைக்கும். 20 பேருக்கு மேல் இருக்கும் அறைகளில், அண்மையில் வாய் திறக்காதவர்களின் வரவையும் போக்கையும் மட்டும் அது மறைப்பதால் உரையாடலின் தொடர்ச்சி கெடுவதில்லை. மறுமுனையில் இருப்பவர் தட்டத் தொடங்கியதுமே, அவர் அனுப்புவதற்கு முன்பாகவே சாளரத்தைத் திறந்துவிடும் 'சைக்கிக் மோட்' என்ற குறும்பும் உண்டு. வேடிக்கைக்கு நன்று; வேலை நேரத்தில் கவனத்தைக் குலைக்கும்.

வெளியார் எழுதிய செருகுநிரல்களை லினக்ஸில் நிறுவுவதற்கு வழங்கலின் மென்பொருள் களஞ்சியமே சிறந்த வழி. டிஸ்கார்டுக்கானதும், எக்ஸ்எம்பிபியில் ஓமெமோ மறையாக்கத்தைத் தரும் 'லர்ச்' என்பதும் டெபியன் களஞ்சியத்திலேயே உள்ளன. விண்டோஸில், டிஎல்எல் வகைக் கோப்பைப் பிட்ஜினின் 'பிளகின்ஸ்' கோப்புறையில் (இறுதியில் சொல்லும் 'பர்ப்பிள்' கோப்புறைக்குள் இருப்பது) இட்டு, மென்பொருளை முழுமையாக மூடித் திறக்க வேண்டும். மூலையிலிருக்கும் சிறு படவுருவில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் புதிய கோப்பு கண்ணில் படாது. இட்டும் பட்டியலில் தோன்றவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றுதான். விண்டோஸ் பிட்ஜின் 32 பிட் மென்பொருள் என்பதால் 64 பிட் கோப்பை அது ஏற்காது; அல்லது அந்தச் செருகுநிரலுக்கு வேண்டிய துணை நூலகம், குறிப்பாக ஜேசன்-ஜிலிப், பிட்ஜின் நிறுவப்பட்ட முதன்மைக் கோப்புறையில் இல்லாமலிருக்கும். 'ஹெல்ப்' பட்டியில் உள்ள 'டீபக் விண்டோ' இரண்டில் எது என்பதைச் சொல்லிவிடும்.

இங்கே நின்று நிதானிக்க வேண்டிய ஒன்று உண்டு. செருகுநிரல் என்பது பிட்ஜினின் அதே உரிமைகளோடு உங்கள் கணினியில் இயங்கும் நிரல். அதற்கு எந்தக் கூண்டும் கிடையாது. 2024 ஜூலை 6 அன்று, திரைப் பகிர்வு வசதி என்று சொல்லிக்கொண்டு 'எஸ்எஸ்-ஓடிஆர்' என்ற செருகுநிரல் பிட்ஜினின் வெளியார் செருகுநிரல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது விசைத்தட்டல்களைப் பதிவுசெய்து, திரையைப் படமெடுத்து, முன்பின் அறியாதவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்பது ஆகஸ்ட் நடுவில்தான் தெரியவந்தது. உடனே பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அந்தச் செருகுநிரலுக்கு மூலநிரல் வெளியிடப்படவில்லை, இயக்கக் கோப்பு மட்டுமே இருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. அதன் பிறகு, ஏற்கப்பட்ட திறமூல உரிமம் உள்ளவற்றை மட்டுமே பட்டியலில் சேர்ப்பது என்று பிட்ஜின் குழு முடிவெடுத்தது. எனவே ஒரு செருகுநிரலை நிறுவுமுன் அதன் மூலநிரல் பொதுவில் உள்ளதா, அண்மையில் யாரேனும் அதைப் பராமரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதிகாரபூர்வப் பட்டியலில் இருப்பது மட்டுமே நற்சான்று ஆகாது. இத்துடன், டிஸ்கார்டு, வாட்ஸ்அப் போன்ற மூடிய சேவைகள் வெளியார் மென்பொருள் வழியே நுழைவதை விரும்புவதில்லை. கணக்கு முடக்கப்படலாம் என்பதால், இழந்தால் வருந்தும் கணக்கை இவற்றில் இணைக்காதீர்கள்.

உரையாடலை மறையாக்க விரும்புபவர்களுக்கு ஓடிஆர் என்ற பழைய செருகுநிரல் இருக்கிறது. இருவரும் அதே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும். குழு உரையாடலுக்கு இது உதவாது. இயக்கிய உடன் சாளரத்தில் 'அன்வெரிஃபைடு' என்று காட்டும். செய்தி மறையாக்கப்பட்டிருக்கிறது, ஆனால் எதிரே இருப்பவர் இன்னார்தான் என்று உறுதியாகவில்லை என்பது அதன் பொருள். பலரும் இந்த நிலையிலேயே நின்றுவிடுகிறார்கள். இருவருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டு உறுதிசெய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதை ஒருமுறை செய்துவிடுங்கள். நண்பர் ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் என்ற எக்ஸ்எம்பிபி செயலியைப் பயன்படுத்தினால் அது ஓமெமோவை நாடும். அப்போது உங்கள் பக்கத்தில் லர்ச் இல்லாவிட்டால் அவர் எழுதியது எதையும் படிக்க முடியாது. யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளும் தேர்வைக் குறித்து ஓர் எச்சரிக்கை. அதை இட்டால், கடவுச்சொல் எவ்வித மறைப்பும் இன்றி, யாரும் திறந்து படிக்கக்கூடிய எளிய உரையாகச் சேமிக்கப்படும். சாவியையும் அதே இடத்தில் வைக்க வேண்டியிருக்கும்போது பூட்டுவது பாதுகாப்பு என்ற மாயையை மட்டுமே தரும் என்பது உருவாக்குநர்களின் நீண்டகால வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் வீட்டில் பலர் தொடும் கணினியில் அந்தத் தேர்வைத் தவிர்ப்பதே முறை. சொந்த மடிக்கணினியாக இருந்தால் வட்டு முழுவதையும் மறையாக்கிவிட்டுப் பயன்படுத்தலாம்.

கணக்குகள், உரையாடல் பதிவுகள், தனியே இட்ட செருகுநிரல்கள் எல்லாம் புள்ளியில் தொடங்கும் 'பர்ப்பிள்' என்ற ஒரே கோப்புறையில் இருக்கின்றன. லினக்ஸில் அது உங்கள் இல்லக் கோப்புறையில் மறைந்திருக்கும். விண்டோஸில் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் இருக்கும். புதிய கணினிக்கு மாறும்போது, பிட்ஜினை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை நகலெடுத்து வைத்தால் எல்லாம் பழையபடியே திறக்கும். ஏதேனும் ஒரு செருகுநிரலால் மென்பொருள் திறந்தவுடன் மூடிக்கொண்டால், அதனுள் இருக்கும் 'பிளகின்ஸ்' உட்கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் திறந்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப இட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். பழைய கணினியை விற்பதாக இருந்தால், மென்பொருளை நீக்கினாலும் இந்தக் கோப்புறை அங்கேயே தங்கிவிடும் என்பதால், அதைக் கையால் அழித்துவிட்டு ஒப்படையுங்கள்.