மின்கம்பி எட்டாத சிற்றூருக்குக் கலப்பு சூரிய மின் அமைப்பு: திட்டமிடுவது எப்படி?

சூரிய மின்தகடு, பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் ஏற்பாடுதான் கலப்பு அமைப்பு. 20 வீடுகள் உள்ள குடியிருப்புக்கு அதைத் திட்டமிட்டுப் பார்ப்போம். எத்தனை தகடு வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேளுங்கள்.

படி 1: தேவையை எழுதுங்கள்

ஒரு வீட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்புகள் மூன்று 5 மணி நேரம் எரிந்தால் 135 வாட்-மணி (1000 வாட்-மணி ஒரு யூனிட்). 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்டது) 8 மணி நேரம் சுழன்றால் 240. கைபேசிக்கு 10. ஆக 385, 20 வீடுகளுக்கு 7.7 யூனிட். தெருவிளக்கு, தடுப்பூசிக் குளிர்பெட்டி எல்லாம் சேர்த்து நாளுக்கு 10 யூனிட் என்று கொள்வோம்.

மின்விசிறியைச் சற்றுக் கவனியுங்கள். 75 வாட் எடுக்கும் பழைய வகை என்றால் அதற்கு மட்டுமே 12 யூனிட் போய்விடும், பி.எல்.டி.சி. வகைக்கு 4.8 போதும். தகடுகளைக் கூட்டுவதைவிட நல்ல மின்விசிறி வாங்குவதே மேல்.

படி 2: தகடு

முழு வெயிலுக்கு ஈடான நேரம் சராசரியாக நாளுக்கு 4.5 மணி, வெப்பத்தாலும் தூசியாலும் இழப்பு 30 சதவீதம் என்றால், 10 ÷ (4.5 × 0.7) = 3.2 கிலோவாட். 550 வாட் தகடுகள் ஆறு போதும். ஜெனரேட்டர் இல்லாவிட்டால் மழை மாதத்தை வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கும், தகடுகளும் கூடும்.

இணைப்பில் அவசரம் வேண்டாம். இத்தகைய தகட்டின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதனோடும் இணைக்காதபோது காட்டும் மின்னழுத்தம், ஏறத்தாழ 50 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 150. தகட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கண்ட்ரோலரின் வரம்பும் 150 என்றால், குளிர்ந்த விடியலில் மின்னழுத்தம் அதைத் தாண்டிக் கருவியைப் பழுதாக்கிவிடும். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, மூன்று வரிசைகளையும் பக்க இணைப்பில் சேருங்கள். வரிசைக்கு ஒரு ஃபியூஸ் கட்டாயம். ஒன்றில் பழுது வந்தால் மற்ற இரண்டின் மின்னோட்டமும் அதற்குள் பாயும்.

படி 3: பேட்டரியும் இன்வெர்ட்டரும்

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம். இன்வெர்ட்டரில் 10 சதவீதம் வீணாகும். 10 ÷ (0.8 × 0.9) என்றால் சுமார் 14 யூனிட், 48 வோல்ட்டில் ஏறத்தாழ 300 ஆம்பியர்-மணி. ஈய அமில வகையைப் பாதிக்குமேல் வடியவிடக் கூடாது என்பதால் அதற்கு 22 யூனிட் வேண்டும். இன்வெர்ட்டர் 3 கிலோவாட் போதும்.

படி 4: ஜெனரேட்டர்

5 கே.வி.ஏ. எடுங்கள். ஆனால் நாலு பல்புக்காக இரவெல்லாம் ஓட்டாதீர்கள். 30 சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடும் டீசல் என்ஜின் சரியாகச் சூடேறாது; எரியாத டீசல் புகைக்குழாயில் கரியும் பிசுக்குமாகப் படியும். பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கியதும் ஜெனரேட்டர் கிளம்பி, 40 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றி, 80 சதவீதத்தில் நிற்கும்படி இன்வெர்ட்டரில் அமையுங்கள். சுமார் மூன்றே முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

படி 5: பராமரிப்பு

ஊரிலேயே இருவருக்குப் பயிற்சி கொடுங்கள். புது பேட்டரிக்கான சேமிப்பை முதல் மாதமே தொடங்குங்கள். ஜெனரேட்டர் ஓடிய நேரத்தைத் தினமும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வெயில் நன்றாக அடித்தும் அந்த நேரம் கூடிக்கொண்டே போனால், முதலில் தகட்டில் தூசி படிந்திருக்கிறதா என்றும், பிறகு எந்த வீட்டிலாவது புதிதாகப் பெரிய கருவி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.