பி.எட். பயிற்சிக்கு வருகிறவர்கள் வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக பி.எட். மாணவர்கள் வருகிறார்கள். மனிதனின் தேவைகள் பசியில் தொடங்கி, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு என்று படிப்படியாக மேலே போகும் என்கிற உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலையைத் தேர்வுக்கு நன்றாகவே படித்திருப்பார்கள். ஆனால் வகுப்பில் கால் வைத்ததும், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். அடிக்கக் கூடாது, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பசியைச் சோம்பல் என்று நினைப்பது

முதல் பாடவேளையிலேயே தலை சாய்க்கும் பிள்ளையிடம் "ராத்திரி டிவி பார்த்தியா?" என்று அதட்டுகிறார்கள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை மதியச் சத்துணவு வரை வெறும் வயிற்றோடு இருக்கலாம். தனியாகக் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் "இட்லி" என்றுதான் பதில் வரும்.

விரும்பிச் செய்கிற வேலைக்குப் பரிசு அறிவிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நூலக வேளை என்றால் உயிர். பயிற்சிக்கு வந்த ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், அதிகப் புத்தகம் படிப்பவருக்கு ஜெல் பேனா என்று அறிவித்தார். அடுத்த வாரமே தடிமனான கதைப் புத்தகங்களைத் தொட ஆளில்லை. மெல்லிய புத்தகங்களுக்கு அடிதடி. எத்தனை முடித்தாய் என்ற பேச்சுதான். என்ன கதை என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து அவர் போன பிறகு நான் புத்தகங்களைப் பரப்பி வைத்தால், "பேனா உண்டா டீச்சர்?" என்கிறார்கள். இல்லை என்றதும் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். அந்த ஆர்வம் அந்த வருடம் முழுக்கத் திரும்ப வரவில்லை.

அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் சொல்கிறது. படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகள். வரைந்தால் சான்றிதழ் என்று ஒரு குழுவிடம் முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், முன்பே ஆசை காட்டப்பட்ட குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆக, 'இதைச் செய்தால் அதைத் தருவேன்' என்ற பேரம்தான் கெடுதல்.

வாய்ப்பாடு போலத் துளியும் பிடிக்காத ஒன்றைத் தொடங்கிவைக்கச் சின்னப் பரிசு தரலாம், அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம். தானாக ஓடிவந்து செய்கிற வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள். "கதையில யாரை உனக்குப் பிடிச்சுது?" என்று கேட்டு, சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

வீடு சரியானால்தான் படிப்பு ஏறும் என்று ஒதுக்கிவிடுவது

ஒரு தேவை முழுதாக நிறைவேறினால்தான் அடுத்தது எழும் என்று நினைப்பது தவறு என மாஸ்லோவே 1943 கட்டுரையில் எழுதியிருக்கிறார். வீட்டில் தினமும் சண்டை பார்க்கிற பிள்ளைக்கு, ஒரு கணக்கைத் தானே போட்டு முடிக்கிற சந்தோஷம் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

ஒப்பிட்டுப் பேசுவது

வேண்டாம். முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கும் அதனால் நன்மை இல்லை.

கழிப்பறைக்கு அனுமதி மறுப்பது

உடனே அனுப்புங்கள். கேட்கக் கூச்சப்பட்டே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள்.