பூனைக்குப் பச்சைக் கறி: எங்கே தப்பு நடக்கிறது?

தர்மபுரிப் பக்கம் பூனைக்கென்று யாரும் தனியாகச் சமைத்ததில்லை. மிஞ்சிய களி, கருவாட்டுத் தலை, மீதிக்கு எலி. இப்போது ஓசூர், கிருஷ்ணகிரியில் பெர்ஷியன் பூனை வளர்க்கிறவர்கள் சிலர் 'இயற்கை உணவு' என்று பச்சைக் கறிக்கு மாறுகிறார்கள். யோசனை தப்பில்லை. பூனை முழுக்க முழுக்க மாமிச உண்ணிதான். கொடுக்கும் விதத்தில்தான் கோளாறு.

பெரிய தவறு, வெறும் கறியை மட்டும் போடுவது. பூனை எலி தின்னும்போது கவனித்திருக்கிறீர்களா? தலையிலிருந்து ஆரம்பித்து எலும்பு, இதயம், ஈரல் எல்லாம் உள்ளே போகும். நாம் கடையில் 'எலும்பில்லாம நல்லா வெட்டிக் கொடுங்கண்ணா' என்று வாங்கிவருவது எலியில் ஒரு பங்குதான். சதையில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதைத் தன் எலும்பிலிருந்தே உருவும். குட்டிகளிடம் இது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்: நொண்டும், தூக்கினால் கத்தும், கட்டிலிலிருந்து குதித்தாலே கால் முறியும். கோழிக் கழுத்தைப் பச்சையாகக் கொடுக்கலாம். வெந்த எலும்பு மட்டும் கூடவே கூடாது. பிளந்து குடலைக் குத்தும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பும் இதில் சேர்த்திதான்.

அடுத்தது டாரின் என்ற அமினோ அமிலம். இதைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தானே தயாரிக்காது. குறைந்தால் இதயம் வீங்கித் தளரும், கண் பார்வையும் போகும். இதயக் கோளாறுக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். கோழி நெஞ்சுக்கறியில் டாரின் குறைவு. தொடையிலும் இதயத்திலும் அதிகம். வேகவைத்துக் கொடுப்பவர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும்.

விலை மலிவு என்று தினமும் ஈரலாகப் போடுகிறவர்களும் உண்டு. மாதக்கணக்கில் இப்படிப் போனால் வைட்டமின் ஏ சேர்ந்து கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும், பூனையால் திரும்பித் தன் உடம்பை நக்கக்கூட முடியாது. மொத்த உணவில் இருபதில் ஒரு பங்கு ஈரல் போதும்.

அணை மீன் கதை வேறு. கெண்டை வகைகளில் சிலவற்றில், பச்சையாக இருக்கும்போது, வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் பூனை தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். மீனை மட்டும் வேகவைத்தே கொடுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள். சால்மோனெல்லா குளிரில் தாக்குப்பிடிக்கும். பண்ணையில் செத்த கோழியைச் சும்மா கிடைக்கிறதே என்று வாங்கிவருவது இன்னும் மோசம். 2024இல் அமெரிக்காவில் பச்சைப் பாலாலும் பச்சைக் கறியாலும் பறவைக் காய்ச்சல் தொற்றிப் பூனைகள் இறந்தன. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் மலத்தை வேறொருவர் தினமும் அள்ள வேண்டும். அதில் இருக்கக்கூடிய, கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, மலம் வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும்.

தானே வேட்டையாடட்டும் என்று விடுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து தின்ற எலி ஓட முடியாமல் சுலபமாக மாட்டும்.

அப்புறம், 'பசித்தால் தானாகத் தின்னும்' என்று பட்டினி போடுவது. நாய்க்கு வேண்டுமானால் சரிப்படும். பூனை, அதுவும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் பழைய சாப்பாட்டையே வையுங்கள். அதையும் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.